வயலில் நாலு துளை

இதை எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று நினைத்தே பல வருஷம் ஓட்டிவிட்டேன். பேனாவை எடுப்பேன், அடுப்பில் பால் பொங்கும், எழுந்து போய்விடுவேன். பால் இல்லாத நாளில் வேறு ஏதாவது சாக்கு. உண்மையான காரணம் பயம்தான். எங்கள் ஊரில் அந்த விஷயத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். ஒருவர் கதையில் நான் உளவு பார்க்க வந்தவளுக்குச் சோறு போட்டவள். இன்னொருவர் கதையில் மாரியம்மன் என்மேல் இறங்கிப் பேசினாள். இரண்டும் இல்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், கோர்வையாக வருமா தெரியாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, தாயே, கூட்டாமல் குறைக்காமல் எழுத வை என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பூதலூரில் இறங்கி, பஸ் பிடித்து, பிறகு வாய்க்கால் கரையோடு நடந்தால் எங்கள் ஊர். நாங்கள் உழுகிற நிலம் எங்களுடையது இல்லை, கோயிலுடையது. மாமனார் காலத்திலிருந்து குத்தகை. அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் சாகுபடி செய்தார். அவருடைய பங்காளி ஒருவர், எனக்குக் கொழுந்தன் முறை, அந்த நிலத்தில் பாதி தன் அப்பாவுக்குச் சேர வேண்டியது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கட்சியில் கிளைச் செயலாளர். ஆட்சி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறினாலும் அவருடைய பேச்சு மட்டும் மாறாது. ஒரு போகம் எங்கள் நிலம் தரிசாகக் கிடந்தால் போதும், பயிர் வைக்காதவனுக்குக் குத்தகை எதற்கு என்று கோயில் அலுவலகத்தில் மனு கொடுத்துவிடக் காத்திருந்தார். எங்களுக்கு இருந்த ஒரே பயம் அதுதான். நிலம் பச்சையாக இருக்க வேண்டும். பச்சை போனால் நிலம் போய்விடும்.

அந்த வருஷம் மேட்டூர் அணையைத் தாமதமாகத் திறந்தார்கள். முதல் போகமான குறுவையை யாரும் போடவில்லை. சம்பாவுக்கு மட்டும் நாற்றங்கால் விட்டிருந்தோம். வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர். ஒவ்வொரு மடைக்கும் ஊர் பேசி வைத்த நேரம் உண்டு. எங்கள் மடை கடைசி மடை.

அதே சமயத்தில், நம் பக்கத்து நிலங்களுக்கு அடியில் வாயு இருக்கிறது, எடுக்கப் போகிறார்கள், எடுத்தால் ஊர் பாலையாகிவிடும் என்ற பேச்சு தெருத் தெருவாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊர்களில் யாரோ வந்து இரும்புக் கம்பியை இறக்கித் துளை போட்டுப் பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். நான் அந்தத் துளையைப் பார்த்ததில்லை. ஆனால் நம்பினேன். எல்லோரும் நம்பினோம். கோலமாவு விற்க வந்தவருடைய மூட்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்துத்தான் ஊருக்குள் விட்டார்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் தஞ்சாவூரிலிருந்து அந்தத் தம்பி வந்தான். என் பிறந்த ஊர்ப் பையன். அவன் அம்மாவும் நானும் ஒரே வரிசையில் நின்று நடவு நட்டவர்கள். வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் ஆற்றங்கரையோடு கூட்டிப்போகிற வேலை செய்துகொண்டிருந்தான்.

"அக்கா, ஒரு அம்மா வர்றாங்க. உங்க வீட்ல கொஞ்ச நாள் தங்கட்டும்."

"பெரிய கோயில் பாக்க வந்தவங்களுக்கு எங்க ஊர்ல என்ன தம்பி இருக்கு?"

"பாக்க வரலக்கா. இருந்து பாக்க வர்றாங்க. நீங்க சாப்பிடறதச் சாப்பிட்டு, நீங்க செய்ற வேலையச் செஞ்சு, உங்க கூடவே இருக்கணுமாம்."

"ஏன், அவங்க ஊர்ல வேலை கிடைக்கலயா?"

அவன் சிரித்தான். "அப்படி இல்லக்கா. போற எடத்துல ஒரு குப்பை போடாம, ஒரு கெடுதல் பண்ணாம, அந்த ஊர்க்காரங்க மாதிரியே இருந்துட்டு வர்ற பயணம் இது. கல்லணைலேர்ந்து கடல் வரைக்கும் சைக்கிள்லயே போறாங்க. நடுவுல ஒரு ஊர்ல தங்கணும்னு ஆசைப்படறாங்க."

என் வீட்டுக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "கெடுதல் பண்ண மாட்டேன்னு முன்னாடியே சொல்லிக்கிட்டு வர்றவங்களப் பாத்தாதான்யா எனக்குப் பயம்."

ஆனாலும் அவன் அம்மா முகம் என் கண்ணுக்குள் வந்தது. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். ஹாலந்து தேசம் என்றான் தம்பி. நரைத்த தலை, வெயிலில் வெந்த மூக்கு, முழங்கால் வரை ஒரு பேண்ட். ஊர் அவளுக்கு வெள்ளைக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டது. அவளுக்காக, அரசாங்கம் கட்டிக்கொடுத்த கழிப்பறையில் நாங்கள் அடுக்கி வைத்திருந்த வராட்டியை எல்லாம் வெளியே எடுத்துக் கழுவிவிட்டோம். "வராட்டிக்கு வந்த வாழ்வு போச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள்.

தம்பி அவளை விட்டுவிட்டுப் போய்விட்டான். அவளுக்குத் தெரிந்த தமிழ் தண்ணி, போதும், நல்லா இருக்கு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதைவிடக் குறைவு. பழைய சோறு வைத்தால் கையால் பிசைந்து சாப்பிட்டாள். தட்டைத் தானே கழுவினாள். கடையில் விற்கிற தண்ணீர் பாட்டிலைத் தொட மாட்டாள், வாய்க்கால் தண்ணீரையே ஏதோ குழாயில் வடிகட்டிக் குடித்தாள். வெள்ளிக்கிழமை என்னோடு கோயிலுக்கு வந்தாள், எல்லோரும் விழுந்து கும்பிட்ட இடத்தில் அவளும் விழுந்து கும்பிட்டாள். நல்லவள்தான் என்று தோன்றும். உடனே, இவ்வளவு நல்லவளாக இருக்க வேண்டிய அவசியம் என்ன என்றும் தோன்றும். வசதி உள்ளவள் என் வீட்டுத் தரையில் பாய் விரித்துப் படுக்கிறாள் என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டாமா? நான் எவ்வளவோ யோசித்தேன். பிடிபடவில்லை.

அதோடு, அவள் பார்த்ததெல்லாம் தண்ணீரும் மண்ணும். வாய்க்காலில் குச்சியை விட்டு ஆழம் பார்ப்பாள். மதகின் திருகைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பாள். வயலில் ஒரு பிடி மண் எடுத்து மோந்து பார்ப்பாள். எங்கள் தேசம் கடலைவிடத் தாழ்வு, நாங்களும் கரை கட்டித்தான் வாழ்கிறோம் என்று அவள் சொன்னதாகத் தம்பி போகும்போது சொல்லியிருந்தான். இருக்கலாம். கடலைவிடத் தாழ்ந்த ஊரில் மனுஷர் இருப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் அவள் தன் கூடாரத்தை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். தண்ணீர் வராமல் காய்ந்து கிடந்த வயல்களில், புல் முளைத்த இடமாகப் பார்த்து அடித்தாள். நாலு மூலைக்கு நாலு இரும்பு முளை, அதில் கயிறு, அவ்வளவுதான் கூடாரம். ஆனால் ஒரே இடத்தில் இரண்டாம் தடவை அடிக்க மாட்டாள். ஏன் என்று சைகையில் கேட்டேன். அடியில் அமுங்கிக் கிடந்த புல்லைக் காட்டி, கையை மடக்கித் தூங்குவதுபோல் காட்டி, செத்துப்போகும் என்று தலையைச் சாய்த்தாள். புல் சாகக் கூடாதாம். அதற்காக ஒவ்வொரு நாளும் இடம் மாற்றம். எங்கள் வயல், பக்கத்து வயல், அதற்கு அடுத்தது, கொழுந்தன் வயல். காலையில் முளையைப் பிடுங்கியதும் மண்ணைத் தள்ளி, துளையைக் குதிகாலால் அமுக்கி, தான் இருந்த சுவடே தெரியாமல் செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். இதெல்லாம் நான் என் கண்ணால் பார்த்தது. பால் கறந்து ஊற்றிவிட்டு வரும்போது பார்த்திருக்கிறேன்.

நான் பார்த்ததை இன்னொருவரும் பார்த்திருக்கிறார்.

ஒரு நாள் காலை கொழுந்தன் கட்சிப் பையன்கள் இரண்டு பேரோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"அண்ணி, உங்க விருந்தாளி எங்க?"

"வாய்க்கால்ல துணி துவைக்கிறா. உள்ள வாங்க தம்பி, காப்பி போடறேன்."

"காப்பி இருக்கட்டும். என் வயல்ல நாலு துளை இருக்கு, மண்ணத் தள்ளி மூடிருக்கு. அதுக்கு மேலண்ட வயல்ல நாலு. அதுக்கு மேலண்டயும் நாலு. நாலு நாலா, ஒரே நேர்கோட்டுல போகுது. என்ன அளக்கிறா?"

"கூடாரம் போட்ட துளைங்க அது."

"கூடாரம் போடறவ ஒரு எடத்துல போட்டுட்டுப் படுப்பா. நாள் ஒரு எடம்னு எதுக்கு மாத்தறா?"

"புல்லு செத்துடுமாம்."

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "கேட்டீங்களாடா, புல்லு செத்துடுமாம்! ஆடு மாடு மேயுற புல்லு இவ படுத்தா செத்துடுமாம்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "சரி, கூடாரத் துளைன்னே வச்சுக்குவோம். அத ஏன் அண்ணி மூடறா? ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாதவ மூடுவாளா?"

 எனக்குள்ளேயும் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துவிட்டது. அவர் சொல்லுவதில் சூது இருக்கிறது, எங்கள் நிலத்தின்மேல் கண் வைத்துச் சொல்லுகிறார் என்று தெரியும். சூதோடு சொன்னாலும் கேள்வி கேள்விதானே. நம் பக்கத்தில் யார் வயலில் இறங்கினாலும் வரப்பை மிதித்துப் போட்டுவிட்டு வருவார்கள். மிதித்த இடத்தைச் சரி செய்துவிட்டு வருகிறவளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அன்றைக்கே ஊர் கூடியது. மாரியம்மன் கோயில் முன்னால். ஊர்த் தலைவர் வயதானவர், கட்சி பேதம் பார்க்காதவர் என்று பெயர். அவர் சொன்னது இதுதான்: வாயு எடுக்க வந்தவர்களுக்கு யார் இடம் கொடுத்தாலும் அந்த வீட்டு மடைக்குத் தண்ணீர் கிடையாது என்று ஊர் ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறது. வந்தவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று வீட்டுக்காரர் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால் முறைத் தண்ணீர் உண்டு, இல்லையென்றால் இல்லை.

சூடம் அணைப்பது எங்கள் ஊரில் விளையாட்டு இல்லை. அம்மன் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் நெருப்பை அடித்து அணைக்க வேண்டும். பொய்யாக அணைத்தால் அது அந்தக் குடும்பத்தைச் சும்மா விடாது என்பார்கள். விடாது என்று நான் மனசார நம்புகிறவள்.

நாற்றங்கால் அப்போதே வெளிறத் தொடங்கியிருந்தது. அந்த முறைத் தண்ணீர் வராவிட்டால் நாற்று கருகும். நாற்று கருகினால் நடவு இல்லை. நடவு இல்லையென்றால் நிலம் தரிசு. கொழுந்தனின் மனு தயாராக இருக்கும். என் வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். பூசாரி சூடத்தை வைத்தார். வெள்ளைக்காரம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்று, ஏதோ பூஜை என்று நினைத்துக் கைகூப்பிக்கொண்டிருந்தாள்.

 நான் குரல் கொடுத்தேன்.

"என்னங்க, நில்லுங்க. அவ எதுக்கு வந்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் திரும்பி முறைத்தார். "சும்மா இரு."

"தெரியாதுல்ல? எனக்கும் தெரியாது. தெரியாததுக்கு எப்படிங்க அணைப்பீங்க?"

கூட்டம் சலசலத்தது. "பாத்தியா, வீட்டுக்காரியே சொல்றா" என்றார் கொழுந்தன்.

தலைவர் கையை உயர்த்தினார். "அப்ப நீ என்னம்மா சொல்ல வர்ற?"

"ஐயா, நான் அணைக்கிறேன். ஆனா நான் பாத்தத மட்டும்தான் சொல்லுவேன்."

யாரும் தடுக்கவில்லை. நான் அம்மனைப் பார்த்தேன். வார்த்தை தானாக வந்தது. "தாயே, இந்தத் துளை கூடாரத்து முளை அடிச்ச துளை. அது நான் கண்ணால பாத்தது. அந்த முளையத் தவிர வேற கம்பி அவ எறக்கி நான் பாக்கல. என் வீட்ல சாப்பிட்டா, உனக்கு முன்னாடி விழுந்து கும்பிட்டா. எதுக்கு வந்தான்னு எனக்குத் தெரியாது." சொல்லிவிட்டுச் சூடத்தை அடித்தேன். அணைந்தது.



"இது என்ன சத்தியம்?" என்றார் கொழுந்தன். "பாதிச் சத்தியம்!"

கூட்டத்தில் யாரோ ஒருவர் பின்னாலிருந்து, "அப்பப் பாதித் தண்ணி விடுங்கப்பா!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, "அதுவும் நியாயம்தான்" என்றார். "பாதி நேரம் அவங்க மடையத் தெறந்து விடுங்க. அந்த அம்மா ஊர விட்டுக் கெளம்பட்டும்." கேலியாகப் பிறந்தது தீர்ப்பாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் செம்பைத் தரையில் அடித்தார்.

"ஒரு வார்த்தை நான் சொல்லிருந்தா முழுசா வந்திருக்கும்டி."

"பொய்யாப் போயிருந்தா?"

"அம்மனுக்கு நம்ம வயித்துப்பாடு தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் அவ முன்னாடி புளுக முடியல."

அவர் அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவே வெகுநாள் ஆயிற்று. வெள்ளைக்காரம்மா என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பை திறந்து ஏதோ களிம்பு எடுத்துத் தடவ வந்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். அவளுக்காகச் சுட்டுக்கொண்ட கைக்கே அவள் மருந்தை நம்ப மனம் வரவில்லை. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டேன். அவள் களிம்பை மூடிப் பையில் போட்டுவிட்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

தஞ்சாவூர்த் தம்பிக்குச் சொல்லி அனுப்பினோம், வந்தான். நடந்ததை அவளிடம் இங்கிலீஷில் சொன்னான். அவள் முகம் சிவந்துவிட்டது. ஊராரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாளாம். வேண்டாம், இன்னும் வினையாகும் என்று அவன் தடுத்துவிட்டான். சைக்கிளில் மூட்டை கட்டும்போது அவனை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"உண்மையச் சொல்லு தம்பி. இவங்க எதுக்கு வந்தாங்க?"

"எனக்குத் தெரிஞ்சு, சும்மா உங்க கூட இருந்துட்டுப் போகத்தாங்க்கா வந்தாங்க."

"உனக்குத் தெரிஞ்சு."

"எனக்குத் தெரிஞ்சு" என்றான் மறுபடியும். தலை குனிந்துகொண்டான்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். வாய்க்கால் கரை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. அழும்போதும், திரும்பிப் பார்க்காமல் போகிறாளே, ஏன் என்று ஒரு மனசு கேட்டது.

பாதித் தண்ணீரை வைத்துக்கொண்டு முழு நாற்றங்காலை நனைக்க முடியாது. நடுவில் மண்ணால் அணை போட்டு, ஒரு பக்கம் மட்டும் பாய்ச்சினோம். அந்தப் பக்கம் பிழைத்தது. மற்ற பக்கம் மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறமாகிவிட்டது. நடவு வந்தபோது பிழைத்த நாற்று பாதி வயலுக்குத்தான் காணும் என்று கண்ணாலேயே தெரிந்தது. மிச்சம் பாதி தரிசு. கொழுந்தன் வரப்பில் நடந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.  மனு ஞாபகம் வந்து பயமாக இருந்தது.

நட்டு முடித்த மறுநாள் காலை நான் வயலுக்குப் போனேன். எங்கள் வரப்போரம் நாற்று முடிகள், கட்டுக் கட்டாகக் கிடந்தன. ஒன்று இரண்டு இல்லை, வரப்பு நெடுக. நடவு முடிந்தவர்கள் மிச்ச நாற்றை வரப்பில் போட்டுவிடுவது எங்கள் ஊர் வழக்கம்தான், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தங்கள் வரப்பில் போடுவார்கள். அடுத்தவர் வரப்பில் கொண்டுவந்து அடுக்க மாட்டார்கள். சில முடி வைக்கோல் புரியால் கட்டியது, சில வாழைநாரால் கட்டியது, சில நீல நைலான் கயிறு. ஒரு வீட்டு வேலை இல்லை இது.

என் வீட்டுக்காரர் ஒரு முடியை எடுத்து வேரைப் பார்த்தார். "நாத்துல ஏதாவது பூச்சி கீச்சி வச்சு அனுப்பிருக்கானுங்களா?" என்றார். எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. வேரை உதறிப் பார்த்தோம், இலையைத் திருப்பிப் பார்த்தோம். நல்ல நாற்று. கும்பிட்டுவிட்டு வயலில் இறங்கினேன்.

வெவ்வேறு வீட்டு நாற்று, வெவ்வேறு ரகம். அந்தப் பாதி வயல் ஓரிடத்தில் உயரம், ஓரிடத்தில் குட்டை, ஓரிடத்தில் கரும்பச்சை, ஓரிடத்தில் வெளிர்பச்சை என்று வந்தது. ஒன்று பால் பிடிக்கும்போது இன்னொன்று பூக்கவே இல்லை. அறுப்புக்கு அது பெரிய தொல்லை. கொழுந்தன் ஒரு நாள் வரப்பில் நின்று பார்த்தார்.

"என்ன அண்ணி, வயல் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி இருக்கு?"

"தரிசு இல்லல்ல தம்பி."

அவர் வரப்பை விட்டு இறங்கிப் போனார். மனு அந்த வருஷம் போகவில்லை. குத்தகை எங்களிடமே இருந்தது, இன்றும் இருக்கிறது.

அந்த நாற்றை வைத்தது யார் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நீல நைலான் கயிற்றில் முடி கட்டுகிற பழக்கம் எங்கள் தெருவில் எந்த வீட்டில் உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டிலிருந்து யாரும் வந்து வைத்ததை நான் பார்க்கவில்லை. ஆகவே எழுத மாட்டேன்.

படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். சொல்லும்போது நான் எழுதியபடியே சொல்லுங்கள். அவள் வேவு பார்க்க வந்தவள் என்று சேர்க்காதீர்கள், பாவம் ஒன்றும் அறியாதவள் என்றும் சேர்க்காதீர்கள். கண், காது, மூக்கு வைக்காதீர்கள். எனக்குத் தெரியாது என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறேனோ, அங்கெல்லாம் தெரியாது என்றே விட்டுவிடுங்கள்.